நாலு மில்லிமீட்டர்

டெய்லர் இஞ்ச் டேப்பை எடுத்து பேட்டரியின் மேல் வைத்து அளக்கத் தொடங்கியதும் கடைக்காரப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையில் தங்கை போன் செய்ததும், தைத்துக்கொண்டிருந்த சட்டையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடியவர் அவர். கழுத்தில் தொங்கிய டேப்பைக் கழற்றி வைக்கத் தோன்றவில்லை. முப்பது வருடமாக அங்கேயே கிடப்பதால் அது இருப்பதே அவருக்குத் தெரிவதில்லை.

“பேட்டரியை அளந்து வாங்குற முதல் ஆளு நீங்கதான் சார்,” என்றாள் அவள். “நம்பர் சொன்னா போதுமே.”

நம்பர் அழிந்துவிட்டது என்று சொல்லிப் பழைய பேட்டரியை அவள் பக்கம் நகர்த்தினார். கட்டை விரல் தடிமனில் உருளையாக ஒன்று. மேலே சுற்றியிருந்த நீலத் தாள் உரிந்து, ஒரு பக்கம் லேசாக உப்பியிருந்தது. நீளம் ஆறரை சென்டிமீட்டர் வந்தது. அவள் மீட்டரின் இரண்டு முனைகளையும் அதன் இரண்டு தலையிலும் வைத்துப் பார்த்துவிட்டு, இது முடிஞ்சுபோச்சு, இனிமே சார்ஜ் போட்டுப் பிரயோஜனமில்லை என்றாள். அந்த வார்த்தையை இன்று யாராவது சொல்லிவிடப் போகிறார்கள் என்று காலையிலிருந்தே பயந்துகொண்டிருந்தார் டெய்லர். அது ஒரு பேட்டரியைப் பற்றியதாக இருந்ததில் அவருக்கு ஒரு சின்ன நிம்மதி.

எந்த லைட்டுக்கு என்று கேட்டாள். முக்குளிக்கிறவர்கள் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு போகிற லைட் என்றார். அதையும் கொண்டுவந்திருந்தால் போட்டே பார்த்திருக்கலாமே என்றாள் அவள். லைட் மாப்பிள்ளையின் கையில் இருந்தது. அணைந்த பிறகும் அவர் அதை விடவில்லை. அந்த விரல்களைப் பிரித்து எடுக்க அண்ணனுக்கும் மனம் வரவில்லை, தங்கைக்கும் வரவில்லை. அவர் பிடித்திருக்கும்போதே பின்மூடியைத் திருகி, பேட்டரியை மட்டும் டெய்லர் உருவிக்கொண்டு வந்திருந்தார்.

மாப்பிள்ளை என்றால் தங்கையின் கணவர். துறைமுகத்தில் முக்குளிக்கிற வேலை. கப்பலின் அடியில் ஒட்டுகிற சிப்பியைச் சுரண்டுவது, விசிறியில் சுற்றிக்கொண்ட வலையை வெட்டி எடுப்பது, அறுந்து விழுந்த சங்கிலியைத் தேடுவது என்று இருபத்திரண்டு வருடம் அழுக்குத் தண்ணீருக்குள் கிடந்தவர். கூட வேலை செய்கிறவர்கள் அவரைத் தவளை என்பார்கள். மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் சும்மா விட்டதில்லை. ஒருமுறை அவருடைய ரப்பர் உடுப்பு முழங்காலில் கிழிந்துபோனது. டெய்லர் அதைத் தன் மெஷினில் போட்டு, நூல் பிசகாமல் இரட்டைத் தையல் அடித்துக் கொடுத்தார். அன்று சாயங்காலம் மாப்பிள்ளை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு வந்து நின்று, “மச்சான், ஜன்னல் வெச்சுல்ல தச்சிருக்கீங்க,” என்றார். ஊசி இறங்கின ஒவ்வொரு துளை வழியாகவும் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. இந்தக் கதையை அவர் சொல்லாத விசேஷ வீடு கிடையாது. மச்சான் காய் வாங்கப் போனால் எதை எடுப்பது என்று யோசித்து முடிப்பதற்குள் அது பழுத்துவிடும் என்பது அவருடைய இன்னொரு கதை. அது ஓரளவு உண்மையும்கூட.

அந்த வாய்க்குத்தான் கேடு வந்தது. தொண்டையில் புற்று. பதினாலு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் மூச்சடைத்து நினைவு தப்பிவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குரல்பெட்டியை எடுத்தால் ஆள் பிழைப்பார், இல்லையென்றால் இல்லை, உடனே முடிவு சொல்லுங்கள் என்றார் டாக்டர். அதற்குச் சில வாரம் முன்பு மாப்பிள்ளை மனைவியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார். என்ன வேண்டுமானாலும் வெட்டட்டும், குரலை மட்டும் எடுக்க விட்டுவிடாதே என்று. தங்கை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று காகிதத்தைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தவர் டெய்லர்தான்.

பிழைத்து எழுந்தவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. மற்றதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் காட்டுவார். தண்ணி. தலையணை. ஃபேனைக் குறை. மச்சான் எப்ப வருவார். அந்தக் கையெழுத்தைப் பற்றி மட்டும் நோட்டு முழுவதும் தேடினாலும் ஒன்றும் கிடையாது. கேட்கத் தங்கைக்கும் தைரியம் வரவில்லை. நாளைக்குக் கேட்கலாம், கொஞ்சம் தேறட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். அதற்குள் கையும் தளர்ந்து, எழுத்து கோணிக் கோணி, ஒரு நாள் நின்றே போனது. அதன்பிறகுதான் அலமாரியிலிருந்து லைட் இறங்கியது.

கடலுக்கு அடியில் யாருக்கும் குரல் கிடையாது. கலங்கின தண்ணீரில் கையும் தெரியாது. லைட்டை வைத்துத்தான் பேச வேண்டும். வெளிச்சத்தை வட்டமாகச் சுற்றினால் ‘சரி’. இடமும் வலமுமாக ஆட்டினால் ‘சரியில்லை’. எது வேண்டுமோ அதன்மேல் வெளிச்சத்தை நிறுத்துவது மாப்பிள்ளை படுக்கையில் கிடந்து தானாகச் சேர்த்துக்கொண்டது. பகலிலும் திரையைப் போட்டே வைத்திருந்தார்கள். அந்த லைட்டின் வெளிச்சம் பரவாது, எதிர்ச்சுவரில் ஒரு தட்டளவுதான் விழும். சுவிட்சை அமுக்க வேண்டியதில்லை, கட்டை விரலால் லேசாகத் தள்ளினால் போதும். வேறு டார்ச்சும் வாங்கிப் பார்த்தார்கள். ஒன்றின் பொத்தான் அவர் விரலுக்கு மசியவில்லை. இன்னொன்று அறை முழுக்க வெளிச்சம் போட்டது, தண்ணீர்ச் செம்பைக் காட்டுகிறாரா, செம்புக்குப் பின்னால் நிற்கிற ஆளைக் காட்டுகிறாரா என்று விளங்கவில்லை.

இன்று காலை வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸ், வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, வர வேண்டியவங்களை வரச் சொல்லிடுங்க என்றாள். அவள் போன கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை லைட்டைப் போட்டார். அது தங்கையின் முகத்தில் வந்து நின்றது. தண்ணீரா என்று கேட்டாள். வெளிச்சம் இடமும் வலமுமாக ஆடியது. கழுத்துக் குழாயில் சளியா, உறிஞ்சி எடுக்கட்டுமா. ஆடியது. அண்ணனைக் கூப்பிடட்டுமா. ஆடிவிட்டுத் திரும்ப அவள் முகத்துக்கே வந்தது. எதுவும் கேட்காமல் நின்றாள். அப்போதும் ஆடியது. வலக்கன்னம், இடக்கன்னம், வலக்கன்னம். பிறகு வெளிச்சம் மஞ்சளாகி, சிவந்து, அணைந்துவிட்டது.

டெய்லர் போய்ச் சேர்ந்தபோது அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“என்னைத்தாண்ணே சொல்றாரு. நான் செஞ்சது சரியில்லைன்னு சொல்றாரு.”

பேட்டரி தீர்ந்துகொண்டிருந்ததைச் சொல்லியிருப்பார், லைட் சரியில்லை என்று காட்டியிருப்பார் என்றார் அவர். சொன்ன பிறகு அவருக்கே அது நியாயமாகப் பட்டது. அவள் கேட்கவில்லை. அப்படியே இருந்தாலும் அதை அவர்தான் சொல்ல வேண்டும் என்றாள். மாப்பிள்ளையோடு வேலை பார்க்கிறவர்கள் எல்லோரிடமும் இந்த பேட்டரி இருக்கும். ஆனால் அன்றைக்கு எல்லோரும் வெளித்துறையில் ஒரு கப்பலுக்கு அடியில் இருந்தார்கள், போன் எல்லாம் கரையில் இருந்தது. அதனால்தான் டெய்லர் மூன்று கடை ஏறி இறங்கி, நாலாவதாக இங்கே வந்து நின்றார்.

கடைக்காரப் பெண் இரண்டு பேட்டரிகளைக் கண்ணாடி மேல் வைத்தாள். ஒன்று பழையதைப் போலவே ஆறரை. எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதற்கு மேலே பெரிய எழுத்தில் 9900 என்று போட்டிருந்தது. அந்த நம்பரை நம்பாதீங்க, அது பொய் என்று விற்கிறவளே சொன்னாள். இன்னொன்று சாம்பல் நிறம், எழுத்து பொடியாக இருந்தது. இதற்குள் பாதுகாப்புக்கு ஒரு சின்ன சர்க்யூட் இருக்கிறது, சூடாகாது, நல்ல சரக்கு, அதனாலேயே கொஞ்சம் நீளம் என்றாள். டெய்லர் அளந்தார். ஆறு புள்ளி ஒன்பது. நாலு மில்லிமீட்டர் கூடுதல்.

மீட்டரை வைத்துப் பார்த்ததில் குட்டையானதில் சார்ஜ் சுத்தமாக இல்லை. பெட்டிக்குள் கிடந்து கிடந்து இறங்கிவிட்டது. நீளமானதில் முக்கால்வாசி இருந்தது.

டெய்லர் இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒன்றை வைத்துவிட்டு மற்றதை எடுத்தார். பிறகு அதை வைத்துவிட்டு இதை எடுத்தார். உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கிறது, பார்த்திருக்கிறார். அமுக்கினால் போகும், நாலு மில்லிதானே. அந்த நேரத்தில் போன் அடித்தது.

“அண்ணே, எங்கே இருக்கே?”

“இதோ எடுத்துட்டேன். வந்துட்டேன்.”

“மூச்சு ஒரு மாதிரி விட்டு விட்டு வருது. சீக்கிரம் வா.”

துணி வெட்டுகிறவர்களுக்கு ஒரு புத்தி உண்டு. சந்தேகம் வந்தால் நீளமாக வெட்டு. நீளம் இருந்தால் மடித்து அடித்துச் சமாளிக்கலாம், குட்டையாகப் போனால் ஆண்டவனே வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. முப்பது வருடமாக அவருடைய கை அப்படித்தான் போய்ப் பழகியிருந்தது. சாம்பல் நிறத்தை எடுத்தார். குட்டையையும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், அரை மணி நேரம் சார்ஜ் போட்டால்கூடக் கொஞ்ச நேரம் எரியும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். வேண்டாம்மா, குட்டையை வெச்சுக்கிட்டு என்ன பண்றது என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வீடு இரண்டாவது மாடியில். படியேறும்போதே சளி உறிஞ்சுகிற மெஷினின் சத்தம் கேட்டது. தங்கை அதை அணைத்துவிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு நகர்ந்து வழிவிட்டாள். மாப்பிள்ளை பாதிக் கண்ணைத் திறந்து படுத்திருந்தார். கழுத்தில் குழாயைப் பிடித்திருந்த நாடா டெய்லர் தைத்துக் கொடுத்தது. ஆஸ்பத்திரி நாடா தோலை அறுக்கிறது என்று, பழைய வேட்டியைக் கிழித்து இரண்டு மடிப்பாகத் தைத்த நாடா. ஒரு டஜன் தைத்திருந்தார், இன்னும் ஏழு அலமாரியில் மடித்தபடி இருந்தன.

“மாப்பிள்ளை, வாங்கிட்டு வந்துட்டேன்,” என்றார். “பழுக்கறதுக்குள்ள வந்துட்டேன், பாருங்க.”

மாப்பிள்ளையின் கண் அவர் பக்கம் திரும்பியது. வாயோரம் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. இந்தத் தடவை லைட்டைக் கேட்டதும் விரல்கள் தாமாகவே விட்டுவிட்டன.

பேட்டரியைப் போட்டார். மூடியை வைத்துத் திருகினார். நாலு சுற்று நன்றாகப் போனது. ஐந்தாவதில் நின்றுவிட்டது. மூடிக்கும் லைட்டுக்கும் நடுவே ஒரு கோடு இடைவெளி தெரிந்தது. சுவிட்சைத் தள்ளினார். எரியவில்லை. தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க, மூடி கடைசி வரை போய் உட்கார்ந்தால்தான் எரியும்படி அதைச் செய்திருக்கிறார்கள். கழற்றினார், ஊதினார், துடைத்தார், மறுபடி போட்டார். அதே இடத்தில் நின்றது. ஸ்பிரிங் தன்னால் முடிந்தவரை அமுங்கிவிட்டது, அதற்கு மேல் இடமில்லை. அவர் வாழ்நாளில் நீளம் கூடிப்போன எதையும் வெட்டாமல் விட்டதில்லை. இதை எங்கே வெட்டுவது?

“என்னண்ணே?”

“ஒண்ணுமில்லை. கொஞ்சம் நீளம்.”

தங்கை அவருடைய முகத்தைப் பார்த்தாள். கடைக்குத் திரும்ப ஓடிவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். அவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். போகாதே என்றாள். மாப்பிள்ளையின் மார்பு ஏறி, இறங்கி, அப்படியே இருந்து, நாலைந்து எண்ணுகிற நேரத்துக்குப் பிறகு மறுபடி ஏறியது. அந்தக் குட்டை பேட்டரியை வாங்கி வந்து சார்ஜரில் செருகியிருந்தால் அரை மணியில் எரிந்திருக்கும். அதுவும் அப்போதுதான் அவர் மண்டையில் உறைத்தது. தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

லைட்டின் தலையை இடது கையால் பிடித்து, மூடியை வலது உள்ளங்கைக்குள் வைத்து, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டித் திருகினார். மூடி ஒரு நூல் நகர்ந்தது. எரிந்தது. கையைத் தளர்த்தியதும் அணைந்தது. மறுபடி முறுக்கினார், எரிந்தது. அவர் முறுக்கிப் பிடித்திருக்கிற வரைதான் வெளிச்சம். பிடிக்கிற கையே காட்டவும் வேண்டும். மாப்பிள்ளையின் கையில் அதைக் கொடுக்க வழியில்லை.

தங்கைதான் யோசனை சொன்னாள். நீ பிடிச்சுக்கோ, அவர் கையை உன் கைமேல வைக்கிறேன் என்றாள். அண்ணன் கட்டிலில் ஒட்டி உட்கார்ந்தார். அவள் கணவரின் வலது கையைத் தூக்கி அண்ணனின் மணிக்கட்டின் மேல் வைத்துவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றாள். புடவைத் தலைப்பை இழுத்துச் சரி செய்துகொண்டாள். போட்டோ எடுக்க நிற்கிறவளைப் போல நேராக நின்றாள்.

“சொல்லுங்க,” என்றாள். “என்ன சொல்லணுமோ சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

டெய்லர் மூடியை முறுக்கினார். வெளிச்சம் அலமாரியில் விழுந்தது. மணிக்கட்டின் மேல் இருந்த கை ஈரத் துணி போலக் கனத்தது. அதில் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தார். விரல் நுனிகள் அழுத்தின மாதிரி இருந்தது. வெளிச்சம் அலமாரியிலிருந்து நகர்ந்து, ஜன்னல் திரையைத் தாண்டி, தங்கையின் தோளில் வந்து நின்றது. அழுத்திப் பிடித்ததில் அவருடைய கை நடுங்கத் தொடங்கியது. நடுங்கினால் வெளிச்சம் இடமும் வலமும் ஆடும். ஆடினால் அவள் அதை என்னவென்று எடுத்துக்கொள்வாள் என்று நினைத்ததுமே அவருக்கு வியர்த்துவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழங்கையை விலாவில் இடுக்கிக்கொண்டு, ஆடவிடாமல் பிடித்தார்.

வெளிச்சம் அவள் வலது தோளிலிருந்து மெல்ல மேலே ஏறியது. காதோரமாகப் போய், உச்சந்தலைக்கு மேலே வளைந்து, மறுபக்கம் இறங்கத் தொடங்கியது.

தங்கை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இடது காதுக்கு நேராக வந்தபோது டெய்லரின் உள்ளங்கை இழுத்துக்கொண்டது. பிடி வழுக்கியது. மூடி ஒரு நூல் பின்னால் நகர்ந்து, லைட் அணைந்தது. பதறிப்போய் மறுபடி முறுக்கினார். எரிந்தது. ஆனால் மணிக்கட்டின் மேல் இருந்த கை அதற்குள் சரிந்து படுக்கையில் விழுந்திருந்தது. தங்கை ஓடி வந்து அந்தக் கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். “சரின்னுட்டாரு,” என்றாள். “சரின்னுட்டாருண்ணே.” அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாரா, அவளுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாரா என்று டெய்லரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதன்பிறகு மாப்பிள்ளை ஒன்றரை மணி நேரம் இருந்தார். லைட்டை அவர் கேட்கவில்லை. பக்கத்தில் வைத்தபோது தொடவும் இல்லை. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போனது. டெய்லர் தன்னை அறியாமல் ஒவ்வொரு இடைவெளியையும் எண்ணினார். பதினெட்டு வரை எண்ணினார், மூச்சு வந்தது. இருபத்திமூன்று வரை எண்ணினார், வந்தது. அடுத்த முறை அறுபதைத் தாண்டியும் எண்ணிக்கொண்டே இருந்தார். தங்கைதான் போதும்ண்ணே என்று சொல்லி, கழுத்து நாடாவின் முடிச்சை அவிழ்த்தாள்.

டாக்டர் வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கீழ்வீட்டுக்காரர்கள் வந்தார்கள். சாயங்காலம் துறைமுகத்திலிருந்து மாப்பிள்ளையின் ஆட்கள் தலைகூடக் காயாமல் அப்படியே வந்தார்கள். ஆறேழு பேர், எல்லோரும் நல்ல உயரம், அந்தச் சின்ன அறையில் எங்கே நிற்பது என்று தெரியாமல் சுவரோரமாக நின்றார்கள். தங்கை ஒவ்வொருவரிடமும் அதைச் சொன்னாள். கடைசியாக எனக்கு வட்டம் போட்டார் என்று. முதலில் பாதி வட்டம் என்றுதான் சொன்னாள். பின்னால் வந்தவர்களுக்குச் சொல்லும்போது அது வட்டமாகவே ஆகிவிட்டது. தவளை கடைசிவரை சிக்னலை மறக்கலை பார் என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டெய்லர் ஒரு மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தான் சுற்றினோமா, மாப்பிள்ளை சுற்றினாரா என்பது அவருக்குத் தெரியவில்லை. எவ்வளவு யோசித்தாலும் தெரியவில்லை. விரல் அழுத்தியது நிஜம். அழுத்தியதா, சரிந்ததா? தங்கைக்கு ஒரு வட்டம் விழ வேண்டும் என்று அவர் மனம் கிடந்து துடித்தது, அதுவும் நிஜம். சாக்குக் கட்டியால் போட்ட கோட்டின் மேல் அவர் சொல்லாமலேயே கத்தரியோடு போகிற கை அது. அந்தக் கையை அவரால் நம்ப முடியவில்லை.

மாப்பிள்ளையின் மேற்பார்வையாளர் வயதானவர், அதிகம் பேசாதவர். கட்டில் பக்கத்து ஸ்டூலில் இருந்த லைட்டை எடுத்து, பழக்க தோஷத்தில் மூடியைத் தொட்டுப் பார்த்தார். தளர்ந்திருந்தது. திருகிக் கழற்றி, பேட்டரியை உள்ளங்கையில் விழவைத்துப் பார்த்தார்.

“இது நீளமாச்சே,” என்றார். “இதுல இது உட்காராதே. எப்படி எரிஞ்சுது?”

“எரிஞ்சுதுங்க,” என்றாள் தங்கை. “அண்ணன்தான் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு. அவர் சுத்தினாரு.”

மேற்பார்வையாளர் நிமிர்ந்து டெய்லரைப் பார்த்தார். பார்வை கீழே இறங்கி அவருடைய கைக்கு வந்தது. மூடியின் பல் பல்லான விளிம்பு டெய்லரின் வலது உள்ளங்கையை அரைவட்டமாக உரித்திருந்தது. டெய்லர் கையை மடக்கிக்கொண்டார். அந்த மனிதர் பேட்டரியை உள்ளே போட்டு, மூடி எவ்வளவு போகுமோ அவ்வளவு திருகி, லைட்டை எடுத்த இடத்திலேயே வைத்தார். “நல்ல வெளிச்சம் வர்ற லைட்டும்மா இது,” என்று மட்டும் தங்கையிடம் சொன்னார்.

மறுநாள் பதினொரு மணிக்குள் எல்லாம் முடிந்து வீடு திரும்பிவிட்டார்கள். ஒன்றுவிட்ட உறவுகள் காபி குடித்துவிட்டுக் கிளம்பின. கட்டிலில் விரிப்பு இல்லாமல் மெத்தை மட்டும் கிடந்தது. திரையை யாரோ விலக்கிவிட்டிருந்தார்கள். இத்தனை வெளிச்சம் அந்த அறைக்குள் வந்து நாளாகிவிட்டது, தூசி படிந்த இடமெல்லாம் தெரிந்தது. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் டெய்லர் அடுக்களைக்குப் போய், தொட்டியில் குவிந்திருந்த டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் தங்கையும் வந்து, ஒரு துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அவர் கழுவிக் கொடுக்க அவள் துடைத்து அடுக்கினாள். ஏழெட்டு டம்ளர் முடிந்தது.

“அண்ணே.”

“ம்.”

“நீ சுத்தலையே?”

இந்தக் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். நேற்று மத்தியானத்திலிருந்து இதற்கான பதிலை வைத்திருந்தார். ஒரே வார்த்தைதான், அவர்தான் என்பது. எத்தனையோ பேரிடம் சட்டை நாளைக்குத் தயார் என்று கண்ணைப் பார்த்துச் சொல்லியிருக்கிற வாய், இந்த ஒரு வார்த்தைக்கு வரமாட்டேன் என்றது. அதற்குள் அவளே தலையை ஆட்டினாள்.

“வேண்டாம், சொல்லாதே. நான் யோசிச்சுப் பார்த்துட்டேன். நீ சுத்தியிருந்தா முழுசா சுத்தியிருப்பே. ஒரு பொத்தானைக்கூடப் பாதி தச்சுட்டு எழுந்திருக்க மாட்டே நீ. எனக்காகன்னு ஒண்ணு செஞ்சா அதைப் பாதியிலயா விடுவே? பாதியில நின்னுச்சு பாரு, அதனாலதான் அது அவரு. அதுக்கு மேல அவரால முடியல.”

டெய்லர் டம்ளரின் உள்பக்கத்தைத் தேய்த்தார். தேய்த்த டம்ளரையே மறுபடியும் தேய்த்தார்.

“ஆமாம்மா,” என்றார். “அதுக்கு மேல முடியல.”

அவள் துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பிறகு அது டம்ளர் துடைக்கிற துணி என்பது நினைவுக்கு வர, வேறு துணி எடுக்க உள்ளே போனாள். டெய்லர் குழாயைத் திறந்து கையைக் கழுவினார். தண்ணீர் பட்டதும் உள்ளங்கை எரிந்தது. அடுத்த டம்ளரை எடுத்தார்.